ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் சிவக்கக் காய்ச்சிய இரும்பு ஏன் தீப்பிடிக்கிறது?

உலோகம் எரிவது என்றால், அது ஆக்சிஜனுடன் வேகமாகச் சேர்ந்து வெப்பத்தைக் கக்குவது. துருவும் ஏறக்குறைய இதே சேர்க்கைதான், மிக மெதுவாக நடக்கிறது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதமே. மீதியில் பெரும்பங்கான நைட்ரஜன் எரிய உதவாது, வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். தூய ஆக்சிஜனில் அந்தத் தடை இல்லை. ஊதுகுழலால் ஊதியதும் அடுப்புக்கரி குப்பென்று சிவக்கிறதே, அதுபோல.

ராணிப்பேட்டை, காட்பாடிப் பட்டறைகளில் வாயுச் சுடரால் இரும்பை வெட்டும் கேஸ் கட்டிங்கைப் பாருங்கள். இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, அதன்மேல் ஆக்சிஜனைப் பீய்ச்சுவார்கள். இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். இங்கே பற்றிக்கொள்ள ஆயிரத்துக்கும் குறைவான சூடே போதும். சிதறும் பொறிகளில் எரியும் இரும்பும் உண்டு!

ஆக்சிஜனே எரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள்; அது எரிவதில்லை, மற்றதை எரியவைக்கிறது.