கடைவாய்ப் பல் பிடுங்கப் போகும் அம்மாவுக்கு

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கீழ் இடப்பக்கக் கடைவாய்ப் பல் பாதி உடைந்துவிட்டது. அடைக்க ஏலாது, பிடுங்கத்தான் வேண்டும் என்று நாள் குறித்துத் தந்திருக்கிறார்கள். சீனி வருத்தம் இருக்கிறது, இதயத்துக்கென்று தினமும் அஸ்பிரின் குளிசையும் எடுக்கிறா. வெற்றிலை இல்லாமல் இருக்கவே மாட்டா. அங்கே என்ன நடக்கும்? வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பல்லை எடுப்பது சில நிமிட வேலை. எடுத்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். அதுதான் கீழே உள்ள எலும்புக்கும் நரம்புக்கும் மூடி. அந்தக் கட்டி கழன்று போகாமல் முதல் மூன்று நாள் காப்பதுதான் பெரிய வேலை, அது வீட்டில் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் குளிசை. அஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஓரிடத்தில் கசியும் இரத்தத்தைப் பஞ்சால் அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்தலாம். குளிசையை விட்டதால் இதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் அப்படி எளிதில் சரிசெய்ய முடியாது. இரத்தம் உறைவதைக் குறைக்கும் குளோபிடோகிரல், வார்ஃபரின் குளிசைகள் எடுத்தாலும் வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை குளிசை போடுகிறவராக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். எல்லாவற்றுக்கும் சுலபமான வழி, கிளினிக் கொப்பியையும் குளிசைப் பைகளையும் அப்படியே கொண்டுபோவது.

வெறும் வயிற்றோடு போகக் கூடாது. பல் எடுக்கப் பட்டினி கிடக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்து எடுப்பதென்றால்தான் அது. சீனிக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வரிசையில் இருந்தால் சீனி இறங்கி, கதிரையில் ஏறுமுன்பே தலை சுற்றும். வழக்கமான காலைச் சாப்பாடு, வழக்கமான குளிசை, பிறகு கிளினிக். அன்று காய்ச்சல் இருந்தால் மட்டும் போக வேண்டாம். மழைக்காலத்தில் நம் பக்கம் டெங்கு பரவும். டெங்கில் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் குறைவதால் எடுத்த இடத்தில் இரத்தம் நிற்காமல் போகலாம்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு விறைப்பூசியைத் தாடையின் பின்பக்கம், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தருகே போடுவார்கள். பெரும்பாலும் அட்ரினலின் கலந்த 2% லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்து. ஒரு நிமிடம் நெஞ்சு படபடத்தால் பயப்பட வேண்டாம், அது அட்ரினலினால் வருவது. ஐந்து நிமிடத்துக்குள் கீழ் உதட்டில் பாதியும் நாக்கின் அந்தப் பக்கமும் தடித்ததுபோல் ஆகும். உதடு விறைக்கவில்லையென்றால் உடனே சொல்ல வேண்டும், இன்னொரு ஊசி போடலாம். சீழ் கட்டி வீங்கியிருக்கும் பல்லில் மருந்து சரியாக ஏறாது, அந்த இடத்தின் அமிலத்தன்மை அதைத் தடுக்கும். அதனால் வீக்கம் இருந்தால் வரிசைக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே காட்டுவது நல்லது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

விறைத்த பிறகும் அழுத்தம் தெரியும். அம்மாவுக்கு இதைத்தான் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். லிக்னோகெயின் வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளை முதலில் அடக்கும். தள்ளுவதை உணரும் தடித்த இழைகள் கொஞ்சம் வேலை செய்துகொண்டே இருக்கும். முதலில் நெம்பி முரசிலிருந்து பல்லை விடுவிப்பார்கள், பிறகு குறட்டால் பிடித்து இரு பக்கமும் ஆட்டி எலும்புக் குழியை விரிப்பார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர். உடைந்த பல் என்பதால் ஒரு வேர் “டக்” என்று முறியலாம். அது வைத்தியரின் பிழையல்ல. முரசைக் கொஞ்சம் திறந்து, வேரைத் தனியாக எடுத்து, தையல் போடுவார்கள். கரையாத தையலானால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெட்ட வேண்டும்.

கடிக்கத் தரும் பஞ்சை அரை மணி நேரம் இறுக்கிக் கடித்தபடி இருக்க வேண்டும். நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் கட்டி பிய்யும். விறைப்பு இரண்டு முதல் நான்கு மணி நேரம் நிற்கும். அதுவரை சூடான தேத்தண்ணீரும் வேண்டாம், சோறும் வேண்டாம். உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொண்டாலும் தெரியாது. விறைப்பு விடுமுன் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு போடலாம், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்த உடம்பென்றாலோ ஈரல் வருத்தம் இருந்தாலோ அளவைக் கேட்டுக் குறைக்க வேண்டும். அஸ்பிரின் எடுக்கும் சீனி வருத்தக்காரருக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிக் குளிசைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அஸ்பிரின் குளிசையை நொறுக்கி முரசில் வைக்கும் பழக்கமும் வேண்டாம், முரசு வெந்துபோகும்.

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவும் கூடாது, துப்பவும் கூடாது. எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது வழக்கம், அதை விழுங்கலாம். இளநீர் நல்லது, ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சக் கூடாது. உறிஞ்சும் இழுவையே கட்டியை இழுத்துவிடும். இடியப்பம், தயிர், ஆறிய கஞ்சி போதும். அடுத்த நாளிலிருந்து ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, வாயில் வைத்துச் சாய்த்து மெல்ல விட வேண்டும். நாளைக்கு நான்கைந்து முறை, சாப்பாட்டுக்குப் பின் கட்டாயம்.

வாய் நிறைய இரத்தம் வந்தால் சுத்தமான துணியைச் சுருட்டி நனைத்து, நிமிர்ந்து இருந்து 20 நிமிடம் கடிக்கட்டும். நனைத்து ஆறவிட்ட தேயிலைப் பையும் உதவும். இரண்டாம் முறையும் நிற்காவிட்டால், பல் கிளினிக் பூட்டியிருக்கும் இரவானாலும், களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம், நாக்கின் கீழ் வீக்கம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வலி ஏறி, காதுக்கு இழுத்து, வாய் நாறினால் கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். கீழ்க் கடைவாயில்தான் இது அதிகம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் இது மாறாது. குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்தால் சில மணி நேரத்திலேயே தணியும்.

இனி வெற்றிலை. குறைந்தது ஒரு வாரம் விடச் சொல்லுங்கள். பாக்குத் துகள் குழிக்குள் இறங்கும், சுண்ணாம்பு சுடும், புகையிலை ஆறுவதைத் தாமதமாக்கும். மெல்லுவதும் துப்புவதும் கட்டியை ஆட்டும். போதாததற்குச் சிவந்த எச்சிலில் இரத்தம் கசிவதும் தெரியாது. பல ஆண்டு வெற்றிலை போட்டவர் என்பதால் அன்றே வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், குறிப்பாகக் கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும். அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்க முடியாத அளவுக்கு வாய் இறுகியிருந்தால் பாக்கினால் வாயின் உள்தோலுக்குக் கீழுள்ள சதை நாராகி வருவதாக இருக்கலாம், அதையும் பல் எடுக்குமுன் சொல்ல வேண்டும். மூன்று வாரம் கழிந்தும் குழி மூடாமல் சதை வளர்ந்தாலோ, உதடு விறைத்தபடியே இருந்தாலோ, திரும்பவும் காட்டுங்கள். வெற்றிலை போடுகிறவருக்கு ஆறாத குழி புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.