கப்பலைத் திருப்பியவர்

அன்புள்ள சாருக்கு,

டைட்டானிக் பற்றி நீங்கள் எழுதியதை என் மகன் போனில் வாசித்துக் காட்டினான். கப்பலை வரைந்த தாமஸ் ஆண்ட்ரூஸ், கம்பெனியை நடத்திய இஸ்மே, கேப்டன் ஸ்மித் என்று மூன்று பேரைப் பற்றியும் விரிவாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு ஒரு குறை. எங்கள் கரையில் ஒருத்தன் கடலில் விழுந்தால், வள்ளம் செய்த ஆசாரி யார் என்று நாங்கள் கேட்கமாட்டோம். பக்கத்தில் கிடந்தது யார், முதலில் திருப்பினது யார் என்றுதான் கேட்போம். பெரிய கப்பல்களின் வரலாற்றில் அப்படிப் பேர் சொல்கிற மாதிரி ஆள் உண்டா?

ஒரு வாசகர், நீரோடி

அன்புள்ள அண்ணனுக்கு,

உண்டு. அவரை விட்டுவிட்டு டைட்டானிக்கைப் பற்றி எழுதியது என் தவறுதான். ஆர்தர் ராஸ்ட்ரன். கார்பேத்தியா என்ற கப்பலின் கேப்டன்.

1912 ஏப்ரல் 14 இரவு. நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது கார்பேத்தியா. அதில் வயர்லெஸ் பார்க்க ஒரே ஒரு ஆள், ஹெரால்டு காட்டம், வயது 21. படுக்கப் போகிற நேரம். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாலும் காதில் மாட்டிய கருவியை அவர் இன்னும் கழற்றவில்லை. டைட்டானிக்குக்கு வேறு செய்திகள் காத்திருப்பதைச் சொல்லலாம் என்று கூப்பிட்டவருக்கு, உடனே வாருங்கள் என்று பதில் வந்தது. ஓடிப் போய், கதவைக்கூடத் தட்டாமல் கேப்டனின் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

ராஸ்ட்ரன் அடுத்துச் செய்ததைப் பின்னால் விசாரணையில் அவரே சொன்னார். முதலில் கப்பலைத் திருப்ப உத்தரவு கொடுத்திருக்கிறார். அப்புறம்தான் காட்டமிடம், செய்தி உறுதிதானா என்று கேட்டிருக்கிறார். அண்ணே, உங்கள் கேள்விக்குப் பதில் இந்த வரிசையிலேயே இருக்கிறது. கேட்டுவிட்டுத் திருப்பியிருந்தாலும் சில நிமிடம்தான் தாமதமாகியிருக்கும். ஆனால் அவர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது அந்தச் சில நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

போக வேண்டிய தூரம் 58 மைல், அதுவும் இருட்டில், பனிப்பாறைகளுக்கு நடுவே. ஓய்வில் இருந்த கரி அள்ளுபவர்களையும் எழுப்பி உலைக்கு அனுப்பினார். அறைகளைச் சூடாக்கப் போகும் நீராவியை நிறுத்தி, அதையும் எஞ்சினுக்குத் திருப்பினார். முன்பக்கம் கூடுதலாகக் காவல் ஆட்களை நிறுத்தினார். கப்பலில் இருந்த மூன்று மருத்துவர்களையும் மூன்று சாப்பாட்டு அறைகளில் உட்காரவைத்தார். கம்பளி, சூப், காபி எல்லாம் தயாரானது. ஏணிகள் வைத்தார்கள். ஏற முடியாதவர்களைத் தூக்க நாற்காலியைக் கயிற்றில் கட்டினார்கள். குழந்தைகளைத் தூக்குவதற்குச் சாம்பல் அள்ளும் கித்தான் பைகளை எடுத்துவைக்கச் சொன்னார். ஒருத்தரைக்கூட இன்னும் கண்ணால் காணாத நேரத்தில் அந்தப் பைகள் வரைக்கும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. எத்தனை தடவை படித்தாலும் நான் நின்றுவிடும் இடம் இது.

விடிகாலை 4 மணி வாக்கில் போய்ச் சேர்ந்தார்கள். 700க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டார்கள். வழியில் எத்தனை பனிப்பாறைகளைத் தாண்டி வந்தோம் என்பது வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிந்தது. தன் கையைத் தவிர வேறொரு கையும் அன்றைக்குச் சுக்கானில் இருந்தது என்று ராஸ்ட்ரன் பின்னாளில் சொன்னாராம். உங்கள் கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிழைத்தவர்கள் சேர்ந்து அந்தக் கப்பலின் ஆட்கள் எல்லாருக்கும் பதக்கம் கொடுத்தார்கள். கரி அள்ளினவர்களுக்கும் கிடைத்தது.

கார்பேத்தியாவைவிட டைட்டானிக்குக்குப் பக்கத்தில் இன்னொரு கப்பல் கிடந்தது, கலிஃபோர்னியன். பனிக்கட்டிக்குப் பயந்து எஞ்சினை நிறுத்தியிருந்தது. அதிலும் வயர்லெஸ் பார்க்க ஒரே ஆள்தான். அவர் இரவு 11.30 வாக்கில் படுத்துவிட்டார். மேலே நின்றவர்கள் டைட்டானிக் இருந்த பக்கம் வாணம் வெடிப்பதைப் பார்த்தார்கள். கேப்டனிடம் சொல்லவும் செய்தார்கள். யாரும் வயர்லெஸ்காரரை எழுப்பவில்லை. பெரிய பயணிக் கப்பல்களில் இரவும் பகலும் வயர்லெஸ்ஸில் ஆள் இருக்க வேண்டும், எல்லாருக்கும் உயிர்காப்புப் படகு வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 1914இல் வந்ததற்கு அந்த இரவுதான் காரணம்.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். 1991 ஆகஸ்ட்டில் தென்னாப்பிரிக்கக் கரைக்கு அப்பால் ஓசியானோஸ் என்ற உல்லாசக் கப்பல் மூழ்கியது. பயணிகள் பலர் கப்பலில் இருக்கும்போதே கேப்டன் ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டார். வயர்லெஸ்ஸில் உதவி கேட்டுக்கொண்டே இருந்தது மாஸ் ஹில்ஸ். உன் பதவி என்ன என்று மறுமுனையில் கேட்டபோது, நான் கிதார் வாசிப்பவன் என்றார். அவரும் உடன் வேலை பார்த்த கலைஞர்களும் நின்று ஆட்களை ஒவ்வொருவராக ஏற்றி அனுப்பினார்கள். 571 பேரில் ஒருத்தர்கூடச் சாகவில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டது எனக்குத் தெரியும். 2017 நவம்பர் 30. தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன நம் போட்டுகளுக்கு ஒக்கிப் புயல் வருகிற செய்தி எட்டவே இல்லை. வயர்லெஸ் எட்டும் தூரத்தைத் தாண்டி அவை கிடந்தன. அந்த வாரம் நான் களியக்காவிளையிலிருந்து தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று நடந்தபோது பார்த்தது, கோயில் முற்றத்தில் போட்டோவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பெண்களை. தேட வேண்டியவர்கள் வரட்டும் என்று காத்திராமல், அந்தக் கடலிலேயே வள்ளத்தை இறக்கித் தேடப் போனவர்கள் நம் கரைக்காரர்கள். விழிஞ்ஞம், பூந்துறை பக்கத்திலிருந்தும் அப்படிப் போனார்கள்.

ராஸ்ட்ரன் கொடுத்த உத்தரவுகள் வரிசையாக நமக்குத் தெரிகின்றன என்றால், அவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதி வைத்தார்கள் என்பதால்தான். நம் ஆட்களிடம் யாரும் அப்படிக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. எந்தப் போட் எங்கே திரும்பியது, யார் ஓட்டியது, எத்தனை பேரைத் தூக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததை மகனிடம் சொல்லுங்கள், அவன் எழுதட்டும். முடியாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு நானே நோட்டோடு நீரோடிக்கு வருகிறேன்.