மீட்டர் எதைப் பார்த்து எரிகிறது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ராத்திரி நேரத்தில் அமெரிக்கப் பேய் ஆராய்ச்சி நிகழ்ச்சிகளைப் பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. கெண்டக்கி மாநிலத்தில் வைல்டர் என்ற ஊரில் இருந்த 'பாபி மேக்கீஸ் மியூசிக் வேர்ல்ட்' என்ற இரவு விடுதியைப் பற்றி 'கோஸ்ட் அட்வெஞ்சர்ஸ்' காட்டியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நிலவறைக் கிணறு நரகத்தின் வாசலாம். தலை வெட்டிக் கொல்லப்பட்ட பேர்ல் பிரயன் என்ற பெண்ணின் ஆவி அங்கே உலவுகிறதாம். பூசாரி சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஆனால் இவர்கள் கையில் மின்காந்த மீட்டர் வைத்திருக்கிறார்கள், அது விளக்கு விளக்காக எரிகிறது. அதே மாதிரி மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, பாட்டி வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். எரிந்தது. அதிலிருந்து அந்த வீட்டில் நான் படுப்பதில்லை. ஆவி உண்டா, இல்லையா? பேர்ல் பிரயனை வைத்து நீங்கள் ஒரு பேய் நாவல் எழுதினால் தமிழுக்குப் புதிதாக இருக்கும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆவி உண்டா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் நீங்கள் மாடிப்படிக்குக் கீழே படுக்கப் போவதில்லை. நீங்கள் எழுதிய அந்த ஊரைப் பற்றிக் கொஞ்ச நாளாக வேறொரு காரணத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண். பேர்ல் பிரயனுக்கு 22 வயது, இண்டியானாவில் கிரீன்காசில் என்ற ஊர்க்காரி. கர்ப்பமாக இருந்தாள். 1896 பிப்ரவரி 1 அன்று கெண்டக்கியின் ஃபோர்ட் தாமஸில் ஒரு தோட்டத்தில் தலையில்லாத உடலாகக் கிடந்தாள். யாரென்று அடையாளம் காட்டியது அவளுடைய காலணி. அதில் அவளுடைய ஊர்க் கடையின் முத்திரை இருந்தது. சின்சினாட்டியில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஸ்காட் ஜாக்சன், அலோன்சோ வாலிங் இருவரையும் 1897 மார்ச் 20 அன்று நியூபோர்ட்டில் தூக்கில் போட்டார்கள். தலை எங்கே என்று குடும்பத்தார் கெஞ்சிக் கேட்டும் சாகும்வரை இருவரும் சொல்லவில்லை.

அந்தத் தலையை விடுதியின் கிணற்றில் சாத்தான் பூஜைக்காகப் போட்டார்கள் என்பதெல்லாம் பின்னால் ஒட்டவைத்த கதை. வழக்கில் அந்த இடத்துக்கு வேலையே இல்லை. ஜோஹானா என்று ஒரு நடனக்காரி காதலனைப் பறிகொடுத்து விஷம் குடித்தாள் என்பார்கள், அதற்கும் ஆதாரம் கிடையாது. விடுதிக்குச் சொந்தக்காரரான பாட்டுக்காரர் பாபி மேக்கியே தனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவந்தவர். வியாபாரத்தை மட்டும் அவர் தடுக்கவில்லை.

பேர்லைக் கூட்டம் அன்றைக்கே விட்டுவைக்கவில்லை. உடல் கிடந்த இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனவர்கள் ஞாபகார்த்தமாக எதையாவது பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். அவளைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். கல்லறைக் கல்லைக்கூடச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தார்கள். இப்போதும் அங்கே போகிறவர்கள் ஒரு சென்ட் காசுகளை, லிங்கனின் தலை மேலே தெரியும்படி வைத்துவிட்டு வருகிறார்கள். மறுமையில் எழும்போது அவளுக்கு ஒரு தலை வேண்டுமே என்று. இதைச் செய்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நிலவறையில் நின்று "பேர்ல், வா, என்னைத் தொடு பார்க்கலாம்" என்று ஆண்கள் கத்துவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. உயிரோடிருந்தபோது இரண்டு ஆண்கள் படுத்திய பாடு போதாதா? நாவல் எழுதச் சொல்கிறீர்கள். எழுத மாட்டேன். இன்னொரு முறை இப்படிக் கேட்டு எழுதாதீர்கள்.

சரி, மீட்டருக்கு வருவோம். பூசாரியை நம்ப மாட்டேன், கருவியை நம்புவேன் என்கிறீர்கள். உங்கள் தலைமுறையிடம் எனக்குள்ள பெரிய மனக்குறையே இதுதான், தம்பி. கருவி என்றால் அது எதை அளக்கும் என்று கேட்க வேண்டாமா? அந்த மீட்டர் மின்சாரம் ஓடும் கம்பியையும் சாதனத்தையும் சுற்றியுள்ள மின்காந்தப் புலத்தைக் காட்டுவதற்காகச் செய்தது. பேய்க்குக் காந்தப் புலம் உண்டு என்பது மீட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் சொந்தச் சரக்கு. பழைய கட்டடத்தின் நிலவறைக்குள், தாறுமாறாக ஓடும் பழைய வயர்களுக்கு நடுவே அதை நீட்டினால் எரியாமல் என்ன செய்யும்?

உங்கள் பாட்டி வீட்டு மாடிப்படிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நானே சொல்கிறேன், மெயின் பெட்டி. பழைய வீடுகளில் அதை அங்கேதான் வைப்பார்கள். நாளைக்கே ஒரு வயர்மேனைக் கூட்டிக்கொண்டு போய் எர்த் இருக்கிறதா, ஜாயின்ட் எதுவும் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டி அங்கேதானே படுக்கிறார்? நீங்கள் மட்டும் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டீர்களே, அவரை அங்கே விட்டுவிட்டு!

என் சித்தப்பா வயர்மேன். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்து சுவிட்ச் போர்டைப் பார்ப்பார். பெட்டியின்மேல் புறங்கையை வைப்பார், உள்ளங்கையை வைக்க மாட்டார். ஷாக் அடித்தால் உள்ளங்கை பிடித்துக்கொள்ளும், புறங்கை உதறிக்கொள்ளும். கொஞ்சம் சூடு தெரிந்தாலும் போதும், "லூஸ் கான்டாக்ட்" என்று முணுமுணுத்துக்கொண்டு மேனேஜரைத் தேடிப் போய்விடுவார். சித்திக்கு மானம் போகும். பந்தியில் முதல் வரிசையில் எங்களுக்கு இடம் பிடிக்காமல், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார். சின்ன வயதில் எங்களுக்கெல்லாம் அவர் ஒரு கேலிப் பொருள்.

அவரை நினைத்துக்கொண்டுதான் அந்த ஊரைப் பற்றிப் படித்தேன். வைல்டரை ஒட்டி, அதே கேம்ப்பெல் கவுன்டியில் சவுத்கேட் என்று ஒரு ஊர். அங்கே 'பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப்' என்று பெரிய இரவு விடுதி இருந்தது. சாப்பாடு, பாட்டு, நகைச்சுவை, கல்யாண வரவேற்பு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. 1977 மே 28, சனிக்கிழமை இரவு அது எரிந்தது. 165 பேர் செத்தார்கள். உங்கள் நிகழ்ச்சியில் வரும் விடுதியை மேக்கி திறந்தது அதற்கு அடுத்த வருஷம்.

தீ தொடங்கியது ஜீப்ரா ரூம் என்ற சிறிய அறையில். விசாரணைகள் கைகாட்டியது மின்கம்பிகளை. அந்தக் கட்டடத்தில் அலுமினிய வயர் இருந்தது. அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகமாக விரியும், ஆறும்போது சுருங்கும், முனையில் ஆக்சைடு படியும். நாளாக ஆக ஜாயின்ட் தளரும். தளர்ந்த இடம் சுடும், சுடச்சுட இன்னும் தளரும். சித்தப்பாவின் லூஸ் கான்டாக்ட்தான். அன்று மாலை அந்த அறையில் ஒரு கல்யாண விருந்து நடந்திருக்கிறது. அறை வேகிறது என்று குறைப்பட்டுக்கொண்டே அவர்கள் கிளம்பிப் போனார்கள். அந்தச் சுவரில் யாரும் புறங்கையை வைக்கவில்லை.

கூரையில் நீர் தெளிப்பான் இல்லை. தீ எச்சரிக்கை மணி இல்லை. வெளியேறும் வழிகள் போதாது, இருந்தவையும் கண்ணில் படும்படி இல்லை. பெரிய நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த கேபரே அறையில் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஆட்கள். செத்தவர்களில் பெரும்பாலானோர் அந்த அறையில் இருந்தவர்கள்.

வால்டர் பெய்லி என்று 18 வயதுப் பையன், மேஜையில் எச்சில் தட்டு எடுக்கும் வேலை. தீ என்று தெரிந்ததும் கேபரே அறையைக் காலி செய்யச் சொல்லி மேலாளரிடம் போனான். அவர் தயங்கினார். இவன் நேரே மேடையில் ஏறினான். இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் நடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து மைக்கை வாங்கி, கதவுகள் இருக்கும் மூலைகளைக் கையால் காட்டி, கட்டடத்தில் தீ, எல்லாரும் வெளியே போங்கள் என்றான். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு தமாஷ் என்று நினைத்து உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. எழுந்து போனவர்களில் நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். சில நிமிஷத்தில் புகை உள்ளே வந்துவிட்டது.

மேக்கியின் விடுதியில் ஒரு போர்டு தொங்கிக்கொண்டிருந்தது தெரியுமா? 1990களில் ஒரு வாடிக்கையாளர், கழிப்பறையில் பேய் தன்னை அடித்துவிட்டது என்று 1000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தள்ளுபடி ஆயிற்று. ஆனாலும், இங்கே பேய் நடமாட்டம் உண்டென்று சொல்கிறார்கள், அது செய்வதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று வாசலில் எழுதிவைத்துவிட்டார்கள். பக்கத்து ஊர் விடுதியில் வெளியே போகும் வழியைக் காட்ட ஒரு நல்ல போர்டு இல்லாமல் எத்தனை பேர் செத்தார்கள் என்பதைப் படித்துவிட்டு இதைப் படித்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'கோஸ்ட் அட்வெஞ்சர்ஸ்' 2008 அக்டோபரில் முதல் பகுதியாகவே அந்த விடுதியைக் காட்டியது. நிகழ்ச்சியை நடத்துகிற ஜாக் பேகன்ஸ் முதுகில் கீறல் விழுந்ததாம், பெரிய விஷயமாகக் காட்டினார்கள். பிறகு இன்னொரு முறையும் போய் வந்தார்கள். நீங்கள் இனியும் அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள், நான் சொல்லி நிறுத்த மாட்டீர்கள். பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். பேகன்ஸ் முகத்தை விடுங்கள், கேமரா மேலே திரும்பும்போது கூரையையும் சுவரோரத்தையும் பாருங்கள். நிலவறையிலிருந்து ஆட்கள் வெளியே வர எத்தனை வழி, வயர் குழாய்க்குள் போகிறதா, வெளியே தொங்குகிறதா என்று குறித்து எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு இதைவிடப் பெரிய பதில் எழுதுகிறேன்.