99.9% சான்றிதழ் இருந்தால் கரைப்பானைத் தனியாகச் சோதிக்க வேண்டுமா?

கேள்வி: உரிமம் பெற்ற கஞ்சா எக்ஸ்ட்ராக்ஷன் லேபில் எத்தனால், ஹெக்ஸேன், பியூட்டேன் வாங்குகிறோம். சப்ளையரின் சான்றிதழில் 99.9% என்று இருக்கிறது. இதற்கு மேல் சோதனை தேவையா?

தேவை. அந்த 99.9% பெரும்பாலும் கேஸ் குரோமட்டோகிராஃபில் (ஜிசி, கலவையை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் கருவி) வந்த எண். ஆவியாகி வருவதை மட்டும்தான் அந்தக் கருவி கணக்கில் எடுக்கும். கம்ப்ரஸர் எண்ணெய், கிரீஸ் மாதிரி கனமான அழுக்கு இன்ஜெக்டரிலேயே தங்கிவிடும், ரிப்போர்ட்டில் தெரியாது. உங்கள் வேலையிலோ கரைப்பான் பறந்துவிடும், அழுக்கு மட்டும் சாற்றில் சேர்ந்துகொண்டே போகும்.

கணக்குப் போட்டால் புரியும். ஐரோப்பிய மருந்தியல் நூல் எத்தனாலில் அனுமதிக்கும் ஆவியாகா மிச்சம் 100 மி.லி.க்கு 2.5 மி.கி. பத்து லிட்டர் ஓட்டி 500 கிராம் சாறு எடுத்தால் 250 மி.கி. வரை அதில் சேரலாம், அதாவது 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு). மருந்துத் தரத்துக்கே இந்தக் கதி என்றால் தொழிற்சாலைத் தரத்தைக் கேட்கவே வேண்டாம்.

சோதனை எளிது. கண்ணாடிக் கிண்ணத்தை 105 டிகிரி ஓவனில் காயவைத்து, டெசிகேட்டரில் (ஈரம் ஏறாமல் காக்கும் மூடிய கலம்) ஆறவிட்டு, 0.1 மி.கி. தராசில் எடை பாருங்கள். 100 மி.லி. கரைப்பானை ஃபியூம் ஹூடுக்குள், நெருப்பே இல்லாமல், வாட்டர் பாத்தில் வற்றவிடுங்கள். ஒரு மணி நேரம் ஓவன், மறுபடி டெசிகேட்டர், மறுபடி எடை. ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்திலேயே ஒரு வெறும் கிண்ணத்தையும் இதே வழியில் கொண்டுபோங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: சூடு ஆறாத கிண்ணம் எடை குறைத்துக் காட்டும், கைரேகை கூட்டிக் காட்டும். நல்ல கரைப்பானில் மிச்சம் தராசின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், ஒரு லிட்டரைப் பகுதி பகுதியாக அதே கிண்ணத்தில் வற்றவைப்பது நல்லது. அடியில் எண்ணெய் வளையம் தெரிந்தால் அதைக் கரைத்து, அது என்ன பொருள் என்று அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் சோதனைக்கு அனுப்புங்கள்.

பியூட்டேனை இப்படித் திறந்து வற்றவிடக் கூடாது. காற்றைவிடக் கனமான வாயு, தரையோடு படர்ந்து தூரத்துப் பொறியையும் தேடிப் போகும். ஸ்டீல் சாம்பிள் சிலிண்டரில் எடுத்து வெளி லேபுக்குக் கொடுங்கள். சாம்பிளைத் திரவப் பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்; மேலே உள்ள வாயுவை எடுத்தால் எண்ணெய் கீழேயே இருந்துவிடும், ரிசல்ட் பொய்யாகச் சுத்தமாக வரும். மெர்காப்டன் (கசிவு தெரிய எரிவாயுவில் சேர்க்கும் கந்தகப் பொருள்) நாற்றம் வந்தால் சோதனையே வேண்டாம், திருப்பி அனுப்பிவிடலாம்.

டீநேச்சர் செய்த (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த) எத்தனால் வாங்கும்போது எதைக் கலந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மெத்தனால் பறந்துவிடும். கசப்புக்காகச் சேர்க்கும் டெனட்டோனியம் பறக்காது. இதேபோலக் கலக்கும் டைஎத்தில் தாலேட்டும் கிட்டத்தட்ட 295 டிகிரியில்தான் கொதிக்கும், அதனால் அதுவும் சாற்றிலேயே நிற்கும். புது எத்தனால் சுத்தமாக இருந்தும் தாலேட் தென்பட்டால், அதைச் சேர்த்து மென்மையாக்கிய பிவிசி குழாய்களைச் சந்தேகப்படுங்கள்.

ஹெக்ஸேனில் பார்க்க வேண்டியது பென்சீன். ஹெக்ஸேன் 69 டிகிரியில் கொதிக்கும், பென்சீன் 80இல். கடைசிச் சொட்டுகளில் பென்சீனின் பங்கு கூடிவிடும். மருந்துகளில் மிஞ்சும் கரைப்பானுக்கு ஐசிஎச் (மருந்துத் தர விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பு) வைத்த வரம்பு ஹெக்ஸேனுக்கு 290 பிபிஎம், பென்சீனுக்கு வெறும் 2. முடிந்த சாற்றை ஹெட்ஸ்பேஸ் ஜிசிக்கு (சாம்பிளுக்கு மேலே சேரும் ஆவியை அளக்கும் சோதனை) அனுப்பும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். சாம்பிளைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடுத்தவுடனே மூடியை நசுக்கிச் சீல் வையுங்கள், திறந்து கிடந்தால் தேடுவதே பறந்துபோகும்.

மீட்டெடுத்த கரைப்பானுக்குப் பழைய சான்றிதழ் செல்லாது. டெர்பீனும் (செடியின் வாசனைப் பொருள்) தண்ணீரும் ஏறியிருக்கும், ஒவ்வொரு மீட்புக்குப் பிறகும் எத்தனாலின் அடர்த்தியையாவது அளந்து குறித்து வையுங்கள்.