ஓடர் குடுத்துச் செய்த நிச்சயதார்த்த மோதிரத்தில் கல் ஆடுகிறது. இறுக்கினால் போதுமா?

கேள்வியில் உள்ள விவரம்: யாழ்ப்பாணத்தில் ஓடர் குடுத்துச் செய்த 22 கரட் மோதிரம், நடுவில் நீலக்கல், அதைப் பிடிக்க நான்கு நகம் (கல்லின் மேல் மடிந்து நிற்கும் பொன் கம்பி). சில மாதத்திலேயே கல் ஆடத் தொடங்கிவிட்டது. செய்தவர் "கொண்டு வாங்கோ, இறுக்கித் தாறன்" என்கிறாராம்.

முதலில் மோதிரத்தைக் கழற்றி, மூடி இறுகிய சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துப் போடுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். கல் சரிந்தபடியே ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைக் கரைத்து எடுக்கும் வேலை தனி. குறட்டால் நீங்களே நகத்தை அழுத்தவும் வேண்டாம். நீலக்கல் கடினமானதுதான், ஆனால் ஓரத்தில் அழுத்தம் பட்டால் சில்லு தெறிக்கும்.

இறுக்கினால் போதுமா என்பது கல் எப்படி ஆடுகிறது என்பதில் இருக்கிறது. மேசையில் துணி விரித்து, பற்குச்சியால் கல்லின் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். இருந்த இடத்திலேயே சுழல்கிறது, சாயவில்லை என்றால் நகங்களின் நுனி சற்றுத் தளர்ந்திருக்கிறது. இறுக்கினால் சரி, சில நிமிட வேலை. ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் அந்தப் பக்கத்து நகம் தூக்கியிருக்கும், அல்லது தேய்ந்திருக்கும். தூக்கிய நகம் நூலில், தலைமயிரில் கொழுவும். தேய்ந்தது கொழுவாது, நுனி மட்டும் தட்டையாகப் பளபளக்கும். நாலு நகமும் கல்லைத் தொட்டபடி இருக்க, கல் முழுதாக மேலும் கீழும் அசைந்தால் பிழை காடியில். அதை இறுக்கித் தந்தால் திரும்பவும் ஆடும்.

காடி என்பது கல்லின் விளிம்பு உட்காருவதற்காக நகத்தின் உட்பக்கத்தில் வெட்டும் பள்ளம். நகத்தின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம், மிஞ்சினால் பாதி. 1 மி.மீ. நகத்தில் 0.7 மி.மீ. வெட்டிவிட்டால் மிஞ்சுவது 0.3 மி.மீ. தகடு. அதை எத்தனை முறை அழுத்தினாலும் நிற்காது, ஒருநாள் வளைந்த இடத்திலேயே முறியும். ஓடர் வேலையில் இது நடப்பதற்குக் காரணம் உண்டு. படத்தைப் பார்த்து 6 மி.மீ. கல்லுக்குக் கூடு (நகங்களோடு கல்லைப் பிடிக்கும் பகுதி) செய்துவிடுவார்கள், பிறகு வருகிற கல் 6.3 இருக்கும். கூட்டைத் திரும்பச் செய்யாமல் காடியை ஆழமாக்கி உட்கார வைப்பார்கள். இன்னொன்று நம் நாட்டு நீலக்கல்லுக்கே உரியது: எடை போகக்கூடாதென்று அடி வயிறு கனமாக வெட்டுவதால், பல கற்களில் அடி மோதிரத்தின் வளையத்தில் முட்டும். முட்டினால் விளிம்பு காடியில் பதியாது. மோதிரத்தைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். கல்லின் அடிக்கும் வளையத்துக்கும் இடையில் மயிரிழை வெளிச்சமாவது தெரிய வேண்டும்.

ஆகவே செய்தவரிடம் "இறுக்குங்கோ" என்று மட்டும் சொல்லாமல், "நகமா, காடியா?" என்று கேளுங்கள். லூப் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் உடனே சொல்லிவிடுவார். தேய்ந்த நகத்துக்குப் பற்றாசு (உருக்கி ஒட்டும் பொன் கலவை) வைத்து நுனி கட்டலாம். காடி பிழையென்றால் நகத்தை மாற்ற வேண்டும், அல்லது கூட்டையே மாற்ற வேண்டும். நெருப்பு வைக்கும் வேலை எதுவானாலும் நீலக்கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். பற்றவைக்கப் பூசும் வெங்காரம் பட்ட நிலையில் சூடானால் நீலக்கல்லின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மங்கும், திரும்பப் பட்டை தீட்டித்தான் எடுக்கலாம். வைரத்தைக் கழற்றாமலே செய்பவர்கள் உண்டு. மரகதம், முத்து, சந்திரகாந்தக்கல்லுக்கு அந்த யோசனையே வேண்டாம்.

22 கரட்டில் 91.6 வீதம் பொன், நகத்துக்கு அது மிக மென்மை. வளையம் 22 ஆகவே இருக்கட்டும், கல் பிடிக்கும் கூட்டை மட்டும் 18 கரட்டில் செய்விக்கலாம். "கலப்புப் பொன்" என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அரைக் கிராம்கூட வராத கூட்டுக்காகக் கல்லைத் தொலைப்பதைவிட அது மேல். அதற்கும் மனமில்லையென்றால் நகத்துக்குப் பதில் கல்லைச் சுற்றிப் பொன்னால் முழு விளிம்பு கட்டச் சொல்லுங்கள், அது 22 கரட்டிலும் நிற்கும். ராசிக்கல் தோலில் பட வேண்டுமென்பவர்களுக்கு அடியைத் திறந்தே வைக்கலாம். நகம்தான் வேண்டுமென்றால் ஆறு வையுங்கள். நாலில் ஒன்று போனால் கல் போகும், ஆறில் ஒன்று போனால் கல் இருக்கும்.

கஸ்தூரியார் வீதிக் கடையில் குடுத்தாலும், கன்னாதிட்டிப் பட்டறையில் குடுத்தாலும், குடுக்குமுன் கல்லைக் கிட்டப் பிடித்துப் படம் எடுங்கள். உள்ளே இருக்கும் கீற்று, புள்ளி தெரியட்டும், கல்லை அடையாளம் காண அதுதான் உதவும். மோதிரத்தின் மொத்த எடை, கல்லின் நீள அகலம் மி.மீ.இல், பக்கத்துச் சின்னக் கற்களின் எண்ணிக்கை எல்லாம் துண்டில் எழுதுவித்து வாங்குங்கள். கல்லைக் கழற்றினால் தனியாகவும் நிறுக்கச் சொல்லுங்கள். கல்லுக்குக் கரட் என்பது எடை, பொன்னின் தரமல்ல: 1 கரட் கல் 0.2 கிராம்.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே காதருகே பிடித்து மோதிரத்தைச் சுண்டுங்கள், "டிக்" சத்தம் வரக்கூடாது. நைலோன் துணியில் நாலு பக்கமும் உரசுங்கள், கொழுவக்கூடாது. இந்தச் சோதனைக்கு முன் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். மெருகு போட்ட மசி இடுக்கில் அடைந்து, ஆடும் கல்லையும் கொஞ்ச நாள் பிடித்து வைத்திருக்கும். கழுவியதும் ஆடினால் வேலை முடியவில்லை என்று அங்கேயே திருப்பிக் குடுங்கள்.

தேங்காய் திருவும்போதும், மோட்டார் சைக்கிள் பிடியை இறுக்கிப் பிடித்து ஓடும்போதும் கழற்றி வையுங்கள். வளையம் நசுங்கி நீள்வட்டமானால் நகங்கள் விலகும், அப்போது செய்தவரைக் குறை சொல்ல முடியாது.