வீடியோவை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்

வணக்கம். ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதிப் பிரிவில் இருக்கிறேன். மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் நிதி தரும் நாலைந்து பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். வலை, தையல் மிஷின் கொடுப்பதோடு நிற்காமல் பிரச்சினையின் வேரைத் தொட வேண்டும், அதற்கு ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டும் என்பது எண்ணம். ஆனால் ஆளுக்கொரு வீடியோ போட்டுக் கைதட்டிக் கலைகிறோம். இதில் பயன் உண்டா?
– பெயர் வேண்டாம், ராமநாதபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

கூடுவது நல்லதுதான். பணம் வாங்குகிறவர் உங்களிடம் "இது சரிப்படவில்லை" என்று சொல்லமாட்டார். அடுத்த வருஷப் பணம் நின்றுவிடும். உங்களுக்குள் அந்தப் பயம் கிடையாதே, அப்புறம் எதற்கு வீடியோ?

கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் மண்டபம் பக்கம் அதை வளர்க்கத் தொடங்கியது. மூங்கில் மிதவை, சுயஉதவிக் குழு, வங்கிக் கடன் எல்லாம் வந்தன. பெண்கள் கையில் காசு புரண்டது. ஊரில் அதற்குப் பெயரே பெப்சி பாசிதான். அதே பாசி குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பிறகு விளைச்சலும் சரிந்தது. இப்போது வலமாவூரில் அரசு கடற்பாசிப் பூங்கா அமைக்கிறது. பாசிக்குப் புதுப் பணம் வரும். அன்று மிதவைக்குப் பணம் தந்த ஒருவரைக் கூப்பிட்டு, விளைச்சல் விழுந்தபோது கடன் யார் தலையில் விழுந்தது என்று கேளுங்கள். ஒரு கூட்டத்துக்கு இது போதும்.

அடுத்து, பணம் வாங்குகிறவர் மார்ச்சுக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்று உங்களைப் போன்றவர்கள் போடும் நிபந்தனை. பழியைச் சட்டத்தின் மேல் போடாதீர்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு விதிகளில் வந்த 2021 திருத்தத்தின்படி, தொடர் திட்டத்தைத் தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். ஐப்பசி, கார்த்திகையில் பாக் நீரிணைப் பக்கம் மிதவை நிற்காது. ஒரே வருஷத்துக்குள் அங்கே யார் எதைக் காட்ட முடியும்? உங்களில் எத்தனை பேர் ஓராண்டு ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்று மேஜையில் வைத்துப் பேசுங்கள். வேர் என்கிறீர்களே, அதில் கொஞ்சம் உங்கள் அலுவலகத்திலும் இருக்கிறது.

கற்பதற்கு ஆள் வேண்டுமானால் பாம்பன் சின்னப்பாலத்தில் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா வந்த பிறகு, தீவோரம் பாசி எடுப்பதே குற்றமாகிப் போனது. அந்தப் பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல் தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் பரிசு கிடைத்தது. கூப்பிடுவதென்றால் பொன்னாடையோடு அனுப்பிவிடாதீர்கள். அன்றைக்குப் போன கூலியைக் கையில் கொடுங்கள்.