பஸ் செல் 8-10 என்றால் கிட்னியில் இன்ஃபெக்‌ஷனா?

கேள்வி: எனக்கு வயது 34. முழு உடல் பரிசோதனைக்குப் போனபோது யூரின் டெஸ்ட்டும் எடுத்தார்கள். பஸ் செல்ஸ் 8-10, எபிதீலியல் செல்ஸ் 10-12, ஆல்புமின் டிரேஸ், நைட்ரைட் நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. கிட்னியில் இன்ஃபெக்‌ஷன் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை இன்றே ஆரம்பிக்கலாமா டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம் சகோதரி. அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். இப்போது இரண்டு வேளை போட்டுவிட்டால், பிறகு கல்ச்சர் (சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) செய்தாலும் கிருமி வளராமல் போகலாம். உண்மை தெரியவே தெரியாது.

உங்கள் உறவினர் பஸ் செல் வரியை மட்டும் பார்த்திருக்கிறார். பல வருடமாக லேபில் மைக்ராஸ்கோப் பார்க்கிறவள் நான். என் கண் முதலில் போவது எபிதீலியல் வரிக்குத்தான். பெண்களின் சாம்பிளில் அகலமாக, தட்டையாக, நடுவில் சின்னப் புள்ளி போல உட்கருவோடு தெரியும் இந்தச் செல்கள் பெரும்பாலும் வெளித்தோலிலிருந்தும் பிறப்புறுப்பிலிருந்தும் உதிர்ந்தவை. அவை 10-12 இருந்தால், அதே வழியில் வெள்ளை அணுக்களும் வந்து விழுந்திருக்கலாம். பஸ் செல் என்பது அந்த வெள்ளை அணுதான். அது வழக்கமாக 5 வரை இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டத்துக்குள் எண்ணிய கணக்கு இது. ஆக, உங்கள் 8-10 சிறுநீர்ப்பையிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று இந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்லவே முடியாது.

அதனால் இன்னொரு சாம்பிள் கொடுங்கள், இந்த முறை சரியாக. பல இடங்களில் டப்பாவைக் கையில் கொடுத்து பாத்ரூமைக் காட்டுவதோடு சரி, எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. கையைக் கழுவிவிட்டு, முன்னிருந்து பின்பக்கமாகத் தண்ணீரால் சுத்தம் செய்யுங்கள். உறுப்பின் இதழ்களை விரல்களால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வருவதை வெளியே விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் விளிம்பு உடம்பில் படக்கூடாது, உள்பக்கத்தில் விரலும் படக்கூடாது. மாதவிடாய் நாட்களில் வேண்டாம். பிடித்த சாம்பிளை உடனே லேபில் கொடுத்துவிடுங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்தால் கிருமிகள் பெருகும், செல்கள் சிதையும்.

நைட்ரைட் நெகட்டிவ் நல்ல அடையாளம்தான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. நைட்ரைட் என்பது சில கிருமிகள் சிறுநீரில் உண்டாக்கும் ஒரு ரசாயனம். எல்லாக் கிருமிகளாலும் அதை உண்டாக்க முடியாது. உண்டாக்கும் ஈ.கோலை போன்றவைக்கும் சிறுநீர் பையில் சில மணி நேரம் தங்கியிருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் சிறுநீரைக் கேட்பது இதனால்தான்.

ஆல்புமின் என்பது ஒரு புரதம், டிரேஸ் என்றால் மிகக் கொஞ்சம். அதற்கு இப்போதே கலங்க வேண்டாம். தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாலோ, கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தாலோ அப்படி வரும். அடுத்த முறையும் வந்தால், ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அது ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே (30 mg/g) இருந்தால் நிம்மதி. சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சரி, சுத்தமாக எடுத்த சாம்பிளிலும் பஸ் செல் கூடுதலாகவே இருந்தால்? அப்போது கல்ச்சர் தேவையா என்று டாக்டர் சொல்வார். ஒரு மில்லியில் 1 லட்சத்துக்கு மேல் ஒரே வகைக் கிருமி வளர்ந்தாலும், தொந்தரவு இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. கர்ப்பிணிகள் விஷயம் வேறு. அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தே ஆகவேண்டும். நீங்கள் கர்ப்பமாக இருந்தால், அல்லது நாள் தள்ளிப்போயிருந்தால், டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

இதற்கிடையில் குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் மறு டெஸ்ட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். போகும்போது இந்தப் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.